அம்மாவின் காய்ச்சலும் மக்பார்லன் பேர்னெற்றும்

2024 டிசம்பரில் வடமராட்சியில் எலிக்காய்ச்சல் பரவி, அது என்ன வருத்தம் என்று தெரிவதற்கு முன்னரே சில உயிர்களைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து நெல்லியடியில் யாருக்கும் காய்ச்சல் என்றால் வீட்டிலுள்ளவர்களுக்குப் பயம் பிடித்துவிடுகிறது. பெரும்பாலும் தோட்டமும் வயலும் உள்ள பகுதி இது. மாரியில் ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். அந்த வெள்ளத்துக்குள்ளால்தான் எல்லோரும் நடக்கிறோம்.

அதனால் அம்மாவுக்குக் காய்ச்சலும் உடம்புவலியும் வந்த இரண்டாம் நாளே மந்திகைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். இரத்தம் பார்த்தார்கள். எலிக்காய்ச்சல் இல்லை, டெங்குவும் இல்லை, இன்புளுவன்சாவாக இருக்கும் என்றார்கள். வீட்டில் ஓய்வாக இருக்கச் சொன்னார்கள். மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தால் உடனே வரச் சொன்னார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மாவுக்கு மட்டும் ஒரு கேள்வி மிஞ்சியது. போன வருடமும் இதே காய்ச்சல்தானே வந்தது, பிறகேன் இந்த வருடமும் வருகிறது என்று கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 1995 இன் இறுதியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த மூன்று குடும்பங்கள் எங்கள் வீட்டில் இருந்தன. அந்த நெரிசலில் கொப்பளிப்பான் வந்து பிள்ளைகள் எல்லோரும் படுத்துவிட்டோம். பாயில் வேப்பிலை பரப்பி, எங்கள் எல்லோரையும் மாறிமாறிப் பராமரித்தவர் அம்மா. அவருக்கு ஒன்றும் வரவில்லை. சின்ன வயதில் அவருக்குக் கொப்பளிப்பான் வந்திருந்தது, ஒருமுறை வந்தால் இனி வராது என்று அவருக்குத் தெரியும். அப்படியானால் இந்தக் காய்ச்சல் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

நான் படித்தது ஊடகக் கற்கை, மருத்துவம் அல்ல. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடி வாசிக்கத் தொடங்கியபோது எந்தப் பக்கத்தால் போனாலும் ஒரே மனிதரிடம்தான் வந்து நின்றேன். இன்புளுவன்சாவைப் பற்றி வாசித்தாலும் அவர்தான். உடலின் நிர்ப்பீடனத்தைப் பற்றி வாசித்தாலும் அவர்தான். பிறகு, ஆயுதங்களைப் பற்றிய ஒரு பழைய பத்திரிகைச் செய்தியிலும் அவர் பெயர் இருந்தது. அவர் சேர் பிராங் மக்பார்லன் பேர்னெற். எங்கள் உறவினர்களில் பாதிப்பேர் வாழும் மெல்பேர்ன் நகரத்தில்தான் அவர் தன் வாழ்நாளின் பெரும்பகுதி வேலைசெய்தார்.

வண்டு சேர்த்த பிள்ளை

பேர்னெற் 1899 செப்ரெம்பர் 3 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தில் ற்ரறல்கன் என்ற சிறிய ஊரில் பிறந்தார். தந்தை ஸ்கொட்லாந்திலிருந்து வந்து குடியேறியவர், வங்கி முகாமையாளர். ஏழு பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். மூத்த சகோதரி மனவளர்ச்சி குன்றியவர். அந்தக் காலத்துக் குடும்பங்களைப் போலவே அவர்களும் அதை வெளியில் பேசாமல், வீட்டுக்கு ஆட்களை அதிகம் அழைக்காமல் வாழ்ந்தார்கள். அதனாலோ என்னவோ பேர்னெற் கூச்ச சுபாவமுள்ள, தனிமையை விரும்பும் பிள்ளையாக வளர்ந்தார். கூட்டாளிகளோடு விளையாடுவதைவிட ஆற்றங்கரையில் வண்டு பிடித்துச் சேர்ப்பதில்தான் அவருக்கு விருப்பம். டார்வினை அவர் இளம் வயதிலேயே வாசித்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து அது எங்கே வந்து உதவியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

புலமைப்பரிசில் பெற்று ஜீலோங் கல்லூரியிலும், 1917 முதல் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்திலும் படித்தார். அவர் மருத்துவ மாணவராக இருந்தபோதுதான் 1918 இன் பெரும் இன்புளுவன்சா உலகைச் சுற்றி வந்தது. இலங்கைக்குள் அது கொழும்புத் துறைமுகம் வழியாகவும் தலைமன்னார் வழியாகவும் நுழைந்தது. அவுஸ்திரேலியா கப்பல்களைத் தடுத்து வைத்துப் பார்த்தும் 1919 இல் மெல்பேர்னுக்குள் அது புகுந்துவிட்டது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் இறந்தனர். அந்த நோயை உண்டாக்குவது எது என்று அப்போது எந்த வைத்தியருக்கும் தெரியாது.

1922 இல் வைத்தியராக வெளியேறிய பேர்னெற்றுக்கு நோயாளிகளோடு பேசிப் பழகுவது இலகுவாக இருக்கவில்லை. ஆய்வுகூடம் அவருக்குப் பொருந்தியது. மெல்பேர்னில் இருந்த வோல்ரர் அன்ட் எலைசா ஹோல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். இடையில் இலண்டனுக்குப் போய்ப் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

பன்னிரண்டு பிள்ளைகள்

1928 ஜனவரியில் குயின்ஸ்லாந்தின் பண்டபேர்க் என்ற ஊரில் பிள்ளைகளுக்குத் தொண்டைக்கரப்பானுக்கு எதிரான தடுப்பூசி போடப்பட்டது. ஊசி போட்ட 21 பிள்ளைகளில் 12 பேர் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். நாடே ஆடிப்போனது. தடுப்பூசி என்றாலே நஞ்சு என்று ஆட்கள் பேசத் தொடங்கினார்கள்.

விசாரணைக்கான ஆய்வுகூட வேலை 28 வயதான பேர்னெற்றிடம் வந்தது. மருந்துப் போத்தலையும் பிள்ளைகளிடமிருந்து எடுத்த மாதிரிகளையும் அவர் பரிசோதித்தார். தொண்டைக்கரப்பான் மருந்தில் பிழை இருக்கவில்லை. கிருமி வளராமல் தடுக்கும் பொருள் சேர்க்கப்படாத போத்தல் அது. அதிலிருந்து பல தடவை மருந்து எடுத்திருந்தார்கள். இடையில் ஸ்ரபிலோகொக்கஸ் என்ற பக்ரீரியா உள்ளே புகுந்து, அந்த வெக்கையில் பெருகியிருந்தது. பிள்ளைகளைக் கொன்றது அதுதான்.

இந்தச் சம்பவம் பேர்னெற்றை விட்டுப் போகவில்லை. ஒரு கிருமி உடலுக்குள் வந்தால் உடல் என்ன செய்கிறது, ஏன் சிலர் தப்புகிறார்கள், சிலர் தப்புவதில்லை என்ற கேள்வியின் பக்கம் அவரைத் திருப்பியதில் பண்டபேர்க்குக்கும் பங்குண்டு. அதே ஆண்டில் அவர் லிண்டா ட்ரூஸ் என்ற ஆசிரியையைத் திருமணம் செய்தார். ஒரு மகனும் இரண்டு மகள்மாரும் பிறந்தார்கள்.

கோழிமுட்டைக்குள் வைரஸ்

1932 இல் அவர் மீண்டும் இலண்டனுக்குப் போய் ஹம்ஸ்ரெட்டில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் வேலைசெய்தார். 1933 இல் அதே நிறுவனத்தில் வில்சன் சிமித், கிறிஸ்ரோபர் அன்ட்றூஸ், பற்றிக் லெயிட்லோ ஆகிய மூவர் கீரியைப் போன்ற பெரட் என்ற விலங்கில் மனித இன்புளுவன்சாவின் வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். கண்டுபிடித்தாயிற்று. ஆனால் அதை வளர்ப்பது பெரும் பாடாக இருந்தது. வைரஸ் உயிருள்ள கலத்துக்குள் மட்டும்தான் பெருகும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் பெரட் பிடித்து வளர்க்க யாரால் முடியும்?

மெல்பேர்னுக்குத் திரும்பிய பேர்னெற் கோழிமுட்டையைக் கையில் எடுத்தார். அடைவைத்து, உள்ளே கரு வளர்ந்துகொண்டிருக்கும் முட்டையை வெளிச்சத்துக்கு முன் பிடித்துப் பார்த்து, ஓட்டில் சிறு துளையிட்டு, உள்ளே வைரஸைச் செலுத்தி, துளையை அடைத்து மீண்டும் சூட்டில் வைத்தார். இரண்டு மூன்று நாட்களில் முட்டைக்குள் வைரஸ் பெருகியது. முட்டையில் வைரஸ் வளர்க்கும் முயற்சி அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. எங்கும் எவரும் செய்யக்கூடிய நம்பகமான முறையாக அதை ஆக்கியதில் பேர்னெற்றுக்குப் பெரிய பங்குண்டு. இன்றும் உலகில் தயாராகும் இன்புளுவன்சாத் தடுப்பூசிகளில் பெரும்பகுதி கோழிமுட்டையில்தான் வளர்க்கப்படுகிறது.

பெரிய இயந்திரங்களில் அவருக்கு நாட்டமிருக்கவில்லை. ஓரிரு உதவியாளர்களோடு மேசையில் குனிந்திருந்து தன் கையாலேயே வேலைசெய்தார். 1944 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தருவதாக அழைத்தபோதும் போகவில்லை. அந்த ஆண்டில் தன் நிறுவனத்தின் பணிப்பாளரானார். 1965 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவருக்கு ஒரு பயம் இருந்தது. 1918 ஐப் போல இந்தப் போரின் பின்னாலும் ஒரு பெரும் இன்புளுவன்சா வந்தால் என்ன செய்வது? பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸை மூக்கு வழியாகக் கொடுக்கும் தடுப்பு மருந்தைத் தயாரித்துப் படையினரிடம் சோதித்தார். எதிர்பார்த்த பாதுகாப்பு கிடைக்கவில்லை. இன்புளுவன்சா அவரைத் தோற்கடித்த இடம் இது. அந்த வைரஸ் தன் வெளித்தோற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டு வேறு இன்புளுவன்சா வைரஸ்கள் ஒரே கலத்துக்குள் புகுந்தால் தங்கள் இயல்புகளைக் கலந்து புதிய வைரஸை உண்டாக்கும் என்பதையும் அவரது ஆய்வுகூடம் பின்னர் காட்டியது.

தன்னையும் பிறரையும் அறிதல்

உடலுக்குத் தன் கலங்களும் தெரிகின்றன, வெளியிலிருந்து வந்த கிருமியும் தெரிகிறது. கிருமியைத் தாக்குகிறது, தன்னைத் தாக்காமல் விடுகிறது. இந்த வித்தியாசத்தை அது எப்போது, எப்படிக் கற்கிறது? பேர்னெற் கேட்ட மிகப் பெரிய கேள்வி இதுதான்.

1949 இல் அவரும் பிராங் பென்னரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். உடல் பிறக்கும்போதே இதை அறிந்துகொண்டு பிறப்பதில்லை. கருவில் வளரும் காலத்தில் எதையெல்லாம் சந்திக்கிறதோ அதையெல்லாம் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்கிறது. அந்தக் காலத்தில் அந்நியப் பொருளொன்றை அறிமுகப்படுத்தினால் அதையும் தன்னுடையதாக ஏற்கும் என்றார்கள். முட்டைக்குள் வளரும் கருவில் பேர்னெற் இதைச் சோதித்துப் பார்த்தார், சரிவரவில்லை. 1953 இல் இங்கிலாந்தில் பீற்றர் மெடவாரும் அவரது குழுவினரும் எலிகளில் அதைச் செய்துகாட்டினார்கள். 1960 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பேர்னெற்றுக்கும் மெடவாருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

1951 இல் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். பயிரை அழித்த முயல்களைக் கட்டுப்படுத்த மிக்சோமா என்ற வைரஸை அவுஸ்திரேலியாவில் பரப்பியிருந்தார்கள். அதே நேரத்தில் மில்டுறாப் பகுதியில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் பரவ, முயல் வைரஸ்தான் காரணம் என்று கதை கிளம்பியது. பேர்னெற், பென்னர், இயன் குளூனிஸ் றொஸ் ஆகிய மூவரும் அந்த வைரஸைத் தங்கள் உடலிலேயே ஏற்றிக்கொண்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பயம் அடங்கியது.

1957

அந்த ஆண்டின் தொடக்கத்தில் சீனாவில் ஒரு புதிய இன்புளுவன்சா கிளம்பி, ஹொங்கொங், சிங்கப்பூர் வழியாக வந்தது. மே மாதத்தில் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்த கப்பலோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. அங்கிருந்து இந்தியா முழுவதும் பரவியது. இலங்கையும் தப்பவில்லை. ஆசியக் காய்ச்சல் என்று உலகம் அதற்குப் பெயர் வைத்தது.

அதே 1957 இல், உலகமே இன்புளுவன்சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பேர்னெற் தன் நிறுவனத்தை வைரஸ் ஆய்விலிருந்து நிர்ப்பீடன ஆய்வுக்குத் திருப்பினார். வைரஸ் ஆய்வாளர்கள் பலர் மனக்கசப்போடு வேறிடம் போனார்கள். ஒக்ரோபரில் ஓர் அவுஸ்திரேலிய அறிவியல் சஞ்சிகையில் மிகச் சிறிய கட்டுரையொன்றை வெளியிட்டார். வெளிநாடுகளில் அதிகம் வாசிக்கப்படாத சஞ்சிகை அது. கருத்து சரியென்றால் முதலில் சொன்னவர் என்ற பெயர் இருக்கும், பிழையென்றால் அதிகம் பேர் கவனிக்க மாட்டார்கள் என்ற கணக்கும் அவருக்கு இருந்தது.

அதில் என்ன சொன்னார் என்பதை நெல்லியடிச் சந்திக் கடைகளை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். கிருமியைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் பிறபொருளெதிரி என்ற புரதத்தை உடல் தயாரிக்கிறது என்பது முன்பே தெரியும். எப்படி ஒவ்வொரு கிருமிக்கும் சரியாகப் பொருந்துவதாகத் தயாரிக்கிறது என்பதுதான் புதிர். தையல்காரரைப் போல என்று அன்றைய பெரிய விஞ்ஞானிகள் நினைத்தார்கள். கிருமி வந்து நின்றதும் அளவெடுத்து அதற்கேற்பத் தைக்கிறது என்றார்கள். பேர்னெற் அதை மறுத்தார். உடல் ஒரு ஆயத்த ஆடைக்கடை என்றார். யாருக்கென்று தெரியாமலே எண்ணற்ற அளவுகளில் சட்டைகள் முன்கூட்டியே தொங்குகின்றன. கிருமி வருகிறது. எந்தச் சட்டை அதற்குப் பொருந்துகிறதோ அந்தச் சட்டை மட்டும் ஆயிரக்கணக்கில் மீண்டும் தயாராகிறது.

ஒவ்வொரு கலமும் ஒரேயொரு வகைப் பிறபொருளெதிரியை மட்டும் செய்யும். கிருமி தனக்குப் பொருந்தும் கலத்தைத் தெரிவுசெய்கிறது. அந்தக் கலம் பெருகித் தன்னைப்போன்ற கூட்டத்தை உண்டாக்குகிறது. தன் உடலையே தாக்கக்கூடிய கலங்கள் தொடக்கத்திலேயே அகற்றப்படுகின்றன. வண்டு சேர்த்த காலத்தில் வாசித்த டார்வினின் இயற்கைத் தெரிவைத்தான் அவர் உடலுக்குள் கண்டார். டென்மார்க்கின் நீல்ஸ் ஜேர்ன் 1955 இலேயே தெரிவு என்ற எண்ணத்தைத் தொட்டிருந்தார். அமெரிக்காவின் டேவிட் ரல்மேஜும் அதே 1957 இல் இதற்கு நெருக்கமான கருத்தைச் சொன்னார். முழு வடிவம் கொடுத்தவர் பேர்னெற்.

அடுத்த ஆண்டு அவரது மாணவர் கஸ் நோசலும் அமெரிக்காவிலிருந்து வந்த ஜோசுவா லெடர்பேர்க்கும் தனித்தனிக் கலங்களை மிகச் சிறிய துளிகளில் வைத்துச் சோதித்தார்கள். பேர்னெற் பிழை என்று காட்டமுடியுமா என்று பார்த்த பரிசோதனை அது. ஒரு கலம் ஒரு வகையை மட்டுமே செய்தது.

இந்தக் கலங்களுக்குப் பெயர் வந்தது கோழியிடமிருந்து. கோழியின் பின்பகுதியில் பேர்சா என்ற சிறிய பை இருக்கிறது. அதை அகற்றினால் கோழியால் பிறபொருளெதிரி செய்யமுடிவதில்லை என்பதை அமெரிக்க மாணவர் புரூஸ் கிளிக் 1956 இல் ஒரு கோழி வளர்ப்புச் சஞ்சிகையில் எழுதினார். அந்தப் பேர்சாவின் முதலெழுத்துத்தான் பி கலம் என்பதிலுள்ள பி. எங்களுக்குப் பேர்சா இல்லை. எங்கள் பி கலங்கள் என்புமச்சையில் பிறக்கின்றன.

அம்மாவின் உடலில் நடந்தது

இப்போது அம்மாவின் கேள்விக்குத் திரும்பலாம். இன்புளுவன்சா வைரஸின் மேற்பரப்பில் முள்ளுமுள்ளாகப் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் முக்கியமானது ஹீமக்ளூற்றினின். மூக்கிலும் தொண்டையிலும் உள்ள கலங்களில் ஒட்டிக்கொள்வதற்கு வைரஸ் பயன்படுத்தும் கை அது. அந்தக் கையை மறைத்துப் பிடிக்கும் பிறபொருளெதிரி இருந்தால் வைரஸால் உள்ளே போகமுடியாது.

வைரஸ் வந்ததும் அதன் துண்டுகள் கழுத்திலுள்ள நிணநீர்க்கணுக்களுக்குப் போய்ச் சேர்கின்றன. காலில் புண் வந்தால் அரையில் நெறி கட்டியிருக்கிறது என்று சொல்வோமே, அந்த நெறிதான் நிணநீர்க்கணு. பொருந்தும் பி கலங்கள் பெருகுவதாலும்தான் அது வீங்குகிறது. பெருகும்போது அந்தக் கலங்கள் தங்கள் பிறபொருளெதிரியில் சிறுசிறு மாற்றங்களைச் செய்து பார்க்கின்றன. இன்னும் நன்றாகப் பிடிப்பவை தப்பும், மற்றவை மடியும். கடையில் எடுத்த சட்டையை உடம்புக்கேற்பத் திருத்துவது போல இது. பெருகியவற்றில் ஒரு பகுதி பிளாஸ்மாக் கலங்களாக மாறி, ஒவ்வொன்றும் செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் பிறபொருளெதிரிகளைக் கொட்டுகின்றன. இதற்கு ஒரு கிழமை அளவில் எடுக்கிறது. அந்தக் கிழமைதான் நாங்கள் பாயில் கிடக்கும் கிழமை.

இன்னொரு பகுதி நினைவுக் கலங்களாகத் தங்கிவிடுகிறது. அதே கிருமி மீண்டும் வந்தால் அவை தாமதமின்றி எழும். கொப்பளிப்பான் வைரஸ் பெரிதாக மாறுவதில்லை, அதனால் 1995 இல் அம்மா தப்பினார். இன்புளுவன்சா மாறுகிறது. போன வருடத்து நினைவுக்கு இந்த வருடத்து முகம் சரியாகத் தெரிவதில்லை. தடுப்பூசியை ஆண்டுதோறும் மாற்றுவதும் இதனால்தான்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. அமெரிக்காவின் தோமஸ் பிரான்சிஸ் 1960 இல் எழுதியது இது: வாழ்க்கையில் முதன்முதலாகச் சந்தித்த இன்புளுவன்சாவின் நினைவுதான் உடலில் ஆழமாகப் பதிகிறது. பிறகு வேறு வகை வந்தாலும் பழைய எதிரிக்கான கலங்களே முதலில் எழுகின்றன. சிலவேளை அது உதவும். எமக்கு வேறு காரணத்தால் மறக்கமுடியாத 2009 இல் புதிய எச்1என்1 உலகில் பரவியபோது வயதானவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே தொற்றுக்குள்ளானார்கள். 1957 க்கு முன் பிறந்தவர்கள் சிறுவயதில் அதற்கு உறவான வைரஸைச் சந்தித்திருந்தார்கள். சிலவேளை பழைய நினைவு புதியதைக் கற்கத் தடையாகவும் நிற்கும்.

அந்த நினைவு எவ்வளவு காலம் இருக்கும்? 1918 இன் காய்ச்சல் காலத்தைக் கடந்து தொண்ணூறு வயதைத் தாண்டியவர்களின் இரத்தத்தை ஆராய்ந்த முடிவு 2008 இல் வெளிவந்தது. அந்த வைரஸை முடக்கும் பிறபொருளெதிரிகளைச் செய்யும் பி கலங்கள் அவர்களிடம் அப்போதும் இருந்தன.

பூட்டிவைத்த கோப்பு

இவ்வளவோடு முடித்திருந்தால் இது ஒரு நல்ல விஞ்ஞானியின் கதையாக இருந்திருக்கும். 1998 இல் அவுஸ்திரேலியாவின் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்த கோப்புகள் வெளியே வந்தன. பத்திரிகைகள் எழுதின. பேர்னெற் இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.

போர் முடிந்த கையோடு அவுஸ்திரேலியப் பாதுகாப்புத் துறை உயிரியல் ஆயுதங்கள் பற்றி அவரிடம் ஆலோசனை கேட்டிருந்தது. 1947 இல் அவர் ஒரு இரகசிய அறிக்கை கொடுத்தார். சனத்தொகை மிகுந்த ஆசிய நாடுகள் படையெடுத்து வரும் அபாயம் இருந்தால், அதற்கு எதிராக வெப்பவலய உணவுப் பயிர்களை அழிப்பதையும், வெப்பவலயத்தில் பரவி அவுஸ்திரேலியாவின் சூழலில் பரவாத நோய்களைப் பரப்புவதையும் பற்றி யோசிக்கலாம் என்பது அதன் சாரம். அதன் பின்னரும் சில ஆண்டுகள் அது தொடர்பான குழுவில் அவர் பங்கெடுத்தார். அப்படியொரு ஆயுதத்தை அவுஸ்திரேலியா தயாரித்துப் பயன்படுத்தவில்லை. பின்னர் உயிரியல் ஆயுதங்களைத் தடைசெய்யும் உடன்படிக்கையிலும் கைச்சாத்திட்டது.

அந்தக் காலத்தை வைத்து அவருக்காக வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். 1942 இல் ஜப்பான் டார்வின் நகரில் குண்டுபோட்டதை அவரது தலைமுறை மறக்கவில்லை. எல்லா வல்லரசுகளும் அப்போது இதைப் பற்றி ஆராய்ந்தன. இவையெல்லாம் உண்மை.

ஆனால் அந்த அறிக்கையின் சாரத்தை வாசித்தபோது நான் நெல்லியடியில் இருந்துதான் வாசித்தேன். வெப்பவலய ஆசியா என்று அவர் எழுதியதற்குள் நாங்களும் வருகிறோம். உணவையும் மருந்தையும் ஆயுதமாக்கினால் ஒரு சனம் எப்படி இருக்கும் என்பது பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த எங்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரு பனடோல் குளிசைக்கும் ஒரு கட்டி சவர்க்காரத்துக்கும் அலைந்த தாய்மார் எங்கள் ஒழுங்கையில் இன்றும் இருக்கிறார்கள். அதே போருக்குள், பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுப்பதற்காக இரு தரப்பும் துப்பாக்கிகளை நிறுத்திய நாட்களும் இருந்தன. மருந்தை ஒரு தடவை தடுத்ததையும் ஒரு தடவை வழிவிட்டதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பண்டபேர்க்கில் பன்னிரண்டு பிள்ளைகளின் சாவுக்குக் காரணம் தேடியவர், வேறு கரையிலுள்ள பிள்ளைகளின் சாவைக் கணக்குப் போடவும் முடிந்திருக்கிறது. தன்னுடையது எது, அந்நியம் எது என்று உடல் எப்படிப் பிரிக்கிறது என்பதைச் சொல்லித்தந்த மனிதர், மனிதர்களைப் பிரித்த விதத்தில் தவறிப்போனார். இதை அவரது விஞ்ஞானத்தோடு சேர்த்துச் சொல்லவேண்டும் என்றுதான் நினைக்கிறேன். விஞ்ஞானத்தை மறைக்கவும் வேண்டாம், இதை மறைக்கவும் வேண்டாம்.

கடைசிக் காலம்

1960 இல் முதலாவது அவுஸ்திரேலியராக ஆண்டின் சிறந்த குடிமகன் விருது அவருக்குக் கிடைத்தது. ஓய்வுபெற்ற பின் நிறைய எழுதினார், புகைத்தலுக்கு எதிராக வெளிப்படையாகப் பேசினார். அவர் உருவாக்கிய நிறுவனத்தில்தான் 1968 இல் ஜக் மில்லரும் கிரஹம் மிச்செலும் பி கலங்களுக்குத் துணைநிற்கும் ரி கலங்களின் வேலையைப் பிரித்துக் காட்டினார்கள். எண்ணற்ற சட்டைகள் எப்படி முன்கூட்டியே தயாராகின்றன என்பதை ஜப்பானியரான சுசுமு ரொனெகாவா மரபணுத் துண்டுகள் இடம்மாறிச் சேர்வதைக் காட்டி 1976 இல் விளக்கினார். தன் கருத்துக்கு விடை வந்ததை பேர்னெற் உயிரோடு இருந்து பார்த்தார்.

1973 இல் மனைவி லிண்டா இரத்தப் புற்றுநோயால் இறந்தார். வெண்குழியங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும் நோய் அது. கலங்களின் பெருக்கத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் அன்று உலகில் அதிகம் பேர் இல்லை, அவராலும் ஒன்றும் செய்யமுடியவில்லை. தனிமை தாங்காமல் சிறிது காலம் பழைய மாணவர் விடுதியான ஓர்மண்ட் கல்லூரியில் போய் இருந்தார். பின்னர் மறுமணம் செய்தார். 1985 ஓகஸ்ட் 31 ஆம் திகதி, விக்ரோறியாவின் கடற்கரை ஊரான போர்ட் பெயரியில், புற்றுநோயால் 85 ஆவது வயதில் இறந்தார்.

அம்மா பத்து நாளில் எழும்பி நடமாடத் தொடங்கினார். வாசித்ததை அவருக்குச் சொன்னேன். சட்டைக்கடைக் கதை அவருக்குப் பிடித்துக்கொண்டது. முட்டைக் கதையை நம்பவில்லை, அடைகாக்கும் முட்டையில் துளை போட்டால் அது கூழாகிப் போகாதா என்று கேட்டார். இரகசிய அறிக்கையைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தத் தடுப்பூசியை அடுத்த மாரிக்கு முன்னம் தனக்குப் போடலாமா, இங்கே எங்கே எடுக்கலாம் என்று விசாரித்து வரச் சொன்னார்.

பிள்ளைகளுக்கான தேசிய தடுப்பூசி அட்டவணையில் இன்புளுவன்சா இல்லை. ஆனாலும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் நீரிழிவு, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களும் வைத்தியரிடம் இதைப் பற்றிக் கேட்பது நல்லது. ஊசி போட்டாலும் காய்ச்சல் வரலாம். வந்தாலும் கடுமையாகாமல் இருக்க அது உதவும். நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.